ஒரே தொட்டிக்கு இரண்டு வேண்டுதல்

1. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாடசாமி அண்ணாச்சிக்கு இருதயத்தில் அடைப்பு என்றும், திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.
2. அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டுத் தொட்டியில் ஒரு மீனாவது சாக வேண்டும் என்றார்.
3. அண்ணாச்சி என்னைத் தனியாக வந்து பார்த்து, ஆபரேஷன் முடியும்வரை தொட்டியில் ஒரு மீனும் சாகக் கூடாது என்றார்.
4. மற்றவர் என்னிடம் பேசியது இருவருக்குமே தெரியாது.
5. தொட்டி ஒன்றுதான். அதைப் பராமரிக்கும் ஆள் நான்.
6. இருவரிடமும் சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் மீன் தொட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். இருபத்தொன்பது வயதில் என்ன ஓய்வு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இப்போது எனக்கு ராஜபாளையத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்த இடத்து வேலை. வருடக்கணக்கில் முழங்கைவரை ஈரமாகவே கிடந்த வலது கை இப்போதுதான் காய்ந்திருக்கிறது. ஓய்வு என்று நான் சொல்வது அந்தக் கைக்கு.

சங்கரன்கோவில் அலங்கார மீன் கடையில் என் இடத்துக்கு வந்திருக்கும் செண்பகம் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, பில்டர் கழுவ, தண்ணி மாத்த எல்லாம் படிச்சிட்டேன். மீனைச் சமாளிச்சிருதேன். இந்த வீட்டுக்காரங்களை என்ன செய்ய? அதை எழுதிக் குடுங்க" என்றாள். அவளுக்காகத்தான் இது. அவளைப் போல வீடு வீடாகப் போய்த் தொட்டிக்குள் கை விடுகிற மற்றவர்களும் படிக்கலாம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூத்துக்குடியில் மீன்வளம் படித்தேன். இறால், கட்லா, ரோகு என்று மனிதன் தின்னும் மீன்களைப் பற்றியே பாடமெல்லாம். தின்னாத மீன்களுக்கு ஒரே ஒரு பாடம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அதை நடத்தாமல் விட்டுவிட்டார்கள். எனக்கு வேலை கிடைத்தது அந்தப் பாடத்தில்.

கடை முதலாளி கோமதி அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். யார் கடைக்குள் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். கையில் இருக்கும் பாலித்தீன் பையைப் பார்ப்பார். பைக்குள் மீன் எப்படி மிதக்கிறது என்று பார்த்துக்கொண்டே, "என்ன போட்டீங்க?" என்று கேட்பார். வந்தவர் பதில் சொல்லுவார். அந்தப் பதில் காதில் விழாததுபோல் கொஞ்ச நேரம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் "என்ன போட்டீங்க?" என்பார். அப்புறம் மூன்றாவது தடவை. முதல் பதில் மரியாதைக்கு, இரண்டாவது மனச்சாட்சிக்கு, மூன்றாவதுதான் மீனுக்கு என்பது அவர் கணக்கு.

நான் சேர்ந்த புதிதில் ராயகிரியிலிருந்து ஒருவர் வந்தார். பையில் இருந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. உள்ளே இரண்டு மீன்கள் வாயை மேலே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே."

"என்ன போட்டீங்க?"

"பொரி கொஞ்சம் போட்டேன். பிள்ளைக ஆசைப்பட்டுச்சு."

"என்ன போட்டீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கோயில் புத்துமண்ணு. மீனு ஒரு மாதிரியா இருந்துச்சு. மனுசனுக்கு எல்லாத்துக்கும் போடுதோம், மீனுக்குப் போடக்கூடாதாக்கும்?"

"தாராளமாப் போடலாம். மீனுக்குப் போடணும். தண்ணிக்குப் போடக்கூடாது."

"மீனு தண்ணிக்குள்ளல்லா இருக்கு?"

"அப்போ வெளிய எடுத்து நெத்தியில பூசி விட்டுருங்க."

அவர் உண்மையிலேயே யோசித்தார். அக்கா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பின்புறம் போய்ச் சிரித்துவிட்டு வருவதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீன்கள் பிழைத்தன. அக்கா அவற்றை வேறு தண்ணீருக்கு மாற்றி அனுப்பினார். புற்றுமண்ணால்தான் பிழைத்தன என்று வந்தவர் ஊரெல்லாம் சொல்லி, ராயகிரியிலிருந்து எங்களுக்கு நிறையப் பேர் வந்தார்கள்.

அண்ணாச்சி வீட்டுத் தொட்டியில் இருந்தது நியான் டெட்ரா. அரை விரல் நீளம். உடம்பில் ஒரு நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு. தனியாக விட்டால் பயந்தே செத்துப்போகும். கூட்டமாக விட்டால் ஒன்று திரும்பும்போது எல்லாம் திரும்பும். இதை எங்கள் ஊரில் வளர்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஊரில் தண்ணீர் இரண்டு வகை. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாயில் வரும் நல்ல தண்ணீரில் குளோரின் மணக்கும். முதலாவதில் டெட்ரா மெதுவாகச் சாகும், இரண்டாவதில் உடனே சாகும். நல்ல தண்ணீரைப் பிடித்துத் திறந்த டிரம்மில் ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். என்னிடம் இரண்டு வாளிகள் உண்டு. தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீருக்குச் சிவப்பு வாளி, தொட்டிக்குப் போகும் தண்ணீருக்கு நீல வாளி. உலகமே இடிந்து விழுந்தாலும் சிவப்பு வாளியில் இருப்பது தொட்டிக்குள் போகாது. செண்பகம், இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். பின்னால் தேவைப்படும்.

அந்தத் தொட்டியை அண்ணாச்சி வாங்கியது ரத்தக்கொதிப்புக்கு. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் இறங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மதினி அதை வீட்டுக்குள் விட்டது வேறு காரணத்துக்காக. வீட்டுக்கு வருகிற கெட்டதை மீன் தன் தலையில் வாங்கிக்கொண்டு சாகும் என்பது மதினியின் நம்பிக்கை. மதினிக்கு மட்டுமல்ல, தொட்டி வைத்திருக்கும் பாதி வீடுகளில் இது உண்டு. மீன் செத்தால் எங்களிடம் சண்டைக்கு வராமல் இருப்பதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம். ஆகையால் நாங்கள் அதை மறுத்ததில்லை.

ஆனால் நான் ஒழுங்காக வேலை பார்த்துவிட்டேன். அந்தத் தொட்டியில் ஒன்றும் சாகவில்லை.

"ஆவுடை, இந்த மீனு சரியில்லட்டி" என்றார் மதினி ஒருநாள்.

"ஏன் மதினி, நல்லாத்தானே இருக்கு?"

"அதைத்தான் சொல்லுதேன். நல்லாவே இருக்கு. எங்க அக்கா வீட்டுல வாரத்துக்கு ஒண்ணு போவுது. அங்க ஒரு தும்மல் கிடையாது. இங்கன பாரு, அவுகளுக்குப் பிரஷரு, எனக்கு முட்டுவலி. இதுக கல்லுக்குண்டு மாதிரி இருக்குதுக. வாங்க வேண்டியதை வாங்காம, சும்மா தின்னுட்டுச் சுத்துது."

அவர் அக்கா வீட்டு மீன்கள் கடமை தவறாமல் செத்ததற்குப் போர் தண்ணீர்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இன்னொரு நாள் விடிந்தும் விடியாமலும் போன். "ஆவுடை, எல்லாம் வெளுத்துப் போச்சுட்டி! ஒண்ணுல கூட நீலம் இல்ல. கூண்டோட போகப்போவுதுன்னு நினைக்கேன்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நியான் டெட்ரா இருட்டில் நிறம் மங்கிப்போகும், வெளிச்சம் பட்டதும் திரும்ப வரும்.

"லைட்டைப் போட்டுட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க மதினி."

காத்திருந்தேன். மறுமுனையில் பெருமூச்சு. "சனியன், திரும்பவும் நீலமாயிட்டு."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு மார்க்கெட்டில் மூச்சு முட்டி, அடைப்பு என்று தெரிந்த பிறகு இதில் சிரிக்க ஒன்றும் இல்லாமல் போனது. அந்த வாரம் தண்ணீர் மாற்றப் போனபோது மதினி அடுப்படிக்குள் கூப்பிட்டார். கண்கள் வீங்கியிருந்தன.

"விளையாட்டுக்குச் சொல்லலட்டி. ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போனாப் போதும், அவுக உசுருக்குப் பதிலா. நீ கொஞ்ச நாளைக்கு வராம இரேன். உன் கை பட்டாத்தான் இதுக சாக மாட்டேங்கு."

"மதினி, சின்ன மீனு. ஒண்ணு செத்தா மத்ததுக தின்னுரும். தெரியாமலே ஏற்கெனவே போயிருக்கும்."

"கண்ணால பாக்காம எப்படி நம்ப? திருஷ்டிப் பூசணிக்காயை நாலு பேரு பாக்க ரோட்டுலதானே உடைக்கோம். வீட்டுக்குள்ள உடைச்சுச் சாம்பார் வச்சிட்டேன்னு சொன்னாத் திருஷ்டி போயிருமா?"

பாக்குதேன் மதினி, சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். கோமதி அக்காவுக்குப் பிச்சிப்பூ கொண்டுவந்ததாகச் சொன்னார். அக்கா பூ வைப்பதில்லை என்று ஊருக்கே தெரியும். என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"ஏட்டி ஆவுடை, உன் மதினிக்குத் தெரியக்கூடாது. நான் வீட்டுல இருந்தாலே அந்தத் தொட்டி முன்னாலதான் இருக்கேன். எல்லாம் போவுது, எல்லாம் திரும்பி வருது. ஒண்ணு கூடப் பிந்தல, பாத்தியா? அதே மாதிரி நானும் போயிட்டுத் திரும்பி வந்திருவேன்னு மனசுல போட்டு வச்சிருக்கேன். அதுல ஒண்ணு குறைஞ்சாலும் நான் ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"அண்ணாச்சி, டாக்டர் என்ன சொன்னாருன்னு..."

"டாக்டர் அவரு வேலையைப் பாப்பாரு. நீ உன் வேலையைப் பாரு. ஒண்ணும் சாகக்கூடாது."

மூட்டை மூட்டையாகப் பூவை ஏலம் போடுகிற மனிதர். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்து நின்றார். சரி அண்ணாச்சி என்றேன்.

உள்ளே வந்ததும் கோமதி அக்கா, என் முகத்தைப் பார்க்காமல், "என்ன சொன்னே?" என்றார்.

"ஒண்ணும் சொல்லலையே."

"என்ன சொன்னே?"

"பாக்கலாம்னேன்."

"என்ன சொன்னே?"

"ரெண்டு பேர்ட்டயும் சரின்னுட்டேங்கா."

முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா வெகுநேரம் ஒரு பில்டர் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "அவளுக்குப் பொணம் வேணும். அவருக்கு உசுரு வேணும். சென்னையிலிருந்து மீன் பெட்டி வருதுல்லா, அதுல ஒண்ணு ரெண்டு செத்துத்தானே வரும். அதைக் கொண்டு போ."

"வெளி மீனை அந்தத் தொட்டிக்குள்ள போட மாட்டேங்கா. சீக்கு வந்துரும்."

"செத்த மீனுக்கு என்னட்டி சீக்கு?"

"செத்த மீனுதான்க்கா ஆபத்து."

"அப்போ தொட்டிக்குள்ள போடாத. எங்கன போடுவியோ போடு. உன்னைப் படிக்க வச்சது எதுக்கு?"

ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. மதினியோ அண்ணாச்சியோ எண்ணி வைத்திருந்தால்? ஆனால் நியான் டெட்ராவை எண்ண முடியாது. எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற புத்தி உண்டு, நானே தோற்றிருக்கிறேன். போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, புள்ளி வைத்து எண்ணினாலும் படத்துக்குப் படம் வேறு எண் வரும். ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும். அண்ணாச்சியோ பூவை நிறுத்து விற்பவர். பிச்சிப்பூவை எவனாவது எண்ணுவானா?

பெட்டி வந்தது. வழியில் செத்துப்போன டெட்ராக்களில் நல்ல நிறத்தோடு இருந்த ஒன்றைச் சின்னப் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி மார்க்கெட்டில் இருக்கும் நேரத்தில் போய், வழக்கம்போல் குழாய் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சிவப்பு வாளிக்குள் இறக்கினேன். வாளி பாதி நிறைந்ததும் பையிலிருந்ததை அதற்குள் நழுவவிட்டேன். சாக்கடைக்குப் போகிற தண்ணீர். தொட்டிக்கு ஒரு ஆபத்தும் இல்லை. செய்முறையில் ஒரு விதியையும் மீறவில்லை.

"மதினி, இங்கன வாங்க."

வாளிக்குள் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். தரையில் உட்கார்ந்து அழுதார். அந்த மீனைக் கையில் ஏந்தி, "உனக்குப் புண்ணியமாப் போகும் தாயே" என்றார். வெற்றிலையில் சுற்றி, முருங்கை மூட்டில் குழி தோண்டிப் புதைத்து, சூடம் காட்டினார். நானும் கும்பிட்டேன். சென்னையிலிருந்து வரும் வழியில் செத்த மீனுக்கு அதைவிட மரியாதையான இறுதிச் சடங்கு கிடைத்திருக்காது.

கிளம்பும்போது ஒரு விதியைச் சேர்த்தேன். "மதினி, அண்ணாச்சிட்ட மட்டும் சொல்லிராதீங்க. யாருக்காகப் போச்சோ அவுகளுக்குத் தெரிஞ்சாப் பலிக்காது."

"எனக்குத் தெரியாதா?" என்றார் மதினி. நான் அப்போதுதான் உண்டாக்கிய சம்பிரதாயம் அது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சிக்குப் போன் செய்து, எல்லாம் இருக்கு என்றேன். அது உண்மை.

ஆபரேஷன் அன்று காலை நான் வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டுத் தொட்டியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அண்ணாச்சி. இடது கையால் எடுத்தேன்.

"ஏட்டி, எல்லாம் இருக்குன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் அண்ணாச்சி."

"இவ சொல்லுதா, ஒண்ணு போச்சாம். முருங்கை மூட்டுல புதைச்சாளாம். சூடம் காட்டுனாளாம்!"

பின்னால் மதினியின் குரல். "சொல்லக்கூடாதுதான், அவுக பயந்து நடுங்குதாகன்னு தைரியத்துக்குச் சொன்னேன் ஆவுடை! நல்லதுக்குத்தானே சொன்னேன்!"

இன்னொரு பெண்குரல், நர்ஸ் போலிருக்கிறது: "ஐயா, படுங்க. டாக்டர் வந்துருவாங்க."

"நான் சட்டையைப் போட்டுட்டேன். சங்கரன்கோயில் பஸ்ஸுக்குப் போறேன். எனக்கு ஆபரேஷனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்திருந்தது. கோபமில்லை அது, பயம்.

தொட்டிக்குள் என் வலது கை அப்படியே நின்றது. உண்மையைச் சொன்னால் அண்ணாச்சி ஆபரேஷனுக்குப் படுத்துவிடுவார், மதினி விழுந்துவிடுவார். உண்மையை மறைத்தால் மதினி நிற்பார், அண்ணாச்சி பஸ் ஏறிவிடுவார். இரண்டு பேரும் ஒரே போனில், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். நீங்க பூவை நிறுத்துப் போட்டுட்டு, மேல ஒரு கை அள்ளிப் போடுவீகள்லா?"

"அதுக்கென்ன இப்போ?"

"அதுக்குப் பேரு என்ன?"

"கொசுறு."

"போனது கொசுறு மீனு அண்ணாச்சி. நீங்க விலைக்கு வாங்குனது அம்புட்டும் இருக்கு. கோமதி அக்கா பையில மேல ஒண்ணு சேத்துப் போட்டிருந்தாக. அதுதான் போச்சு."

போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"கொசுறு கணக்குல வராதுல்லா?" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

"எந்த மார்க்கெட்டுல வரும்?"

பின்னாலிருந்து மதினி பதறினார். "கொசுறா இருந்தா என்ன ஆவுடை? அதுவும் ஒரு உசுருதானே? வாங்க வேண்டியதை வாங்கிக்கிட்டுத்தானே போயிருக்கும்?"

"முழுசா வாங்கிக்கிட்டுத்தான் மதினி போயிருக்கு. உசுருல என்ன கொசுறு?"

"இதை முதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே மூதி" என்றார் அண்ணாச்சி. பிறகு பக்கத்தில் யாரிடமோ, "இந்தா, சட்டையைப் பிடி." போன் அறுந்தது.

அன்றைக்கு மீதி வேலை ஓடவில்லை. அந்த வீட்டுக் கண்ணாடியைத் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மதினி கூப்பிட்டார். முதலில் அழுகை மட்டும் வந்தது, எந்த அழுகை என்று தெரியாமல் நான் நின்றேன். அப்புறம் பேச்சு வந்தது: "முழிச்சிட்டாக. முழிச்சதும் காபி கேக்காக. குடுக்கக் கூடாதுங்காங்க. நர்ஸோட சண்டை போடுதாக."

மறுநாள் கடையில் கேட்டேன். "அக்கா, அந்த வீட்டுக்கு நிசமாவே கொசுறு போட்டீங்களா?"

"நான் என்னைக்கு எண்ணிப் போட்டேன்? வலையில வந்தது பைக்குள்ள போச்சு" என்றார் கோமதி அக்கா.

இதனால் வந்த தொல்லை ஒன்றுண்டு. அடுத்த மாதம் மதினி கடைக்கே வந்துவிட்டார். மகளுக்குப் பிரசவம் வருகிறதாம். விலைக்கு வாங்கிய மீன் அண்ணாச்சிக்கு உரியதாம், அது சாகக்கூடாதாம். வீட்டுக்கென்று தனியாகக் கொசுறு நாலு வேண்டுமாம். விலை போட்டுக் கொடுத்தால் கொசுறு ஆகாது என்று அதையும் அவரே சொன்னார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. செண்பகம், இப்போது உன்னிடம் யாராவது "கொசுறு மீனு இருக்கா?" என்று கேட்டால், அது எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொள்.

இன்றைய நிலவரம் இது. அண்ணாச்சி மார்க்கெட்டுக்குப் போகிறார், மூட்டை தூக்குவதில்லை. காபிக்கு வீட்டில் தடை இருக்கிறது, மார்க்கெட்டில் இல்லை. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தொட்டியில் இருக்கிற மீன்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் விலைக்கு வாங்கியது எது, கொசுறு எது என்று யாருக்கும் தெரியாது.